கடல் பயணிகளுக்காக ஒரு பூசை

கார் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்த செசிலியா, வைத்த காலை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“வண்டியத் திருப்பு. வீட்டுக்குப் போவோம்.”

“என்னாக்கா இது? திடலச் சுத்திச் சுத்தி இப்பதான் பார்க்கிங் கெடச்சுது” என்றாள் எவலின்.

“அங்க பாரு.”

எவலின் பார்த்தாள். திடலின் மூலையில் வெள்ளைக் கூடாரம். அதன் முன்னால் நீலத் துணி போர்த்திய ஒரு கல். கல்லுக்குப் பக்கத்தில் சீருடை போட்ட இரண்டு பேர் பெரிய மலர்வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எது மேல்பக்கம் என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வளையம் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? எங்கப்பா பேரப் போடு, கப்பலப் போடு. செத்த தேதி போடாதே, வளையம் வைக்காதே. வேற என்னா கேட்டேன் அவங்கள?”

“சொன்னீங்க. யூனிபார்ம்காரங்களுக்கு கல்லுன்னா வளையம், வளையம்னா சல்யூட். அவங்களுக்கு என்னா தெரியும்? நான் போயிப் பேசறேன், நீங்க ஏர்கான்ல இருங்க. எறங்கி எங்கயாச்சும் நடந்துடாதீங்க, அப்புறம் போலீஸ்ல சொல்லித்தான் தேடணும்.”

“என் முட்டிய வெச்சுக்கிட்டு நடந்தா அடுத்த வருஷந்தான் கிளாங் போயிச் சேருவேன். போ லா.”

எவலின் இறங்கிப் போனாள். அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது. கிளாங்கில் செசிலியாவுக்குப் பக்கத்து வீடு. இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான், அதுவும் மெல்லிய சுவர். செசிலியா தனியாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை. எவலின்தான் டாக்டரிடம் கூட்டிப்போவாள், பாசாரில் மீன் வாங்கி வருவாள், நடுவில் வாய்ச்சண்டையும் போடுவாள்.

கூடாரத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். செசிலியா கண்ணாடி வழியே ஊரைப் பார்த்தாள். பாகான் நீப்பா சின்ன ஊர்தான். ஆறு கடலோடு சேருகிற சேற்றோரத்தில் ஒரு கடைத்தெரு, ஒரு படகுத்துறை, ஒரு திடல். இங்கேதான் அவள் பிறந்தாள். அவள் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால் இந்தப் படகுத்துறையிலிருந்துதான் அவள் அப்பா சந்தியாகு போனார்.

சந்தியாகு துறைமுகத்து இழுவைக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். இரண்டாம் உலகச் சண்டை வந்ததும் கப்பலைக் கடற்படை எடுத்துக்கொண்டது, கப்பலோடு ஆட்களையும். சிங்கப்பூர் விழப்போகிற நேரத்தில், பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடிய கப்பல்களில் அதுவும் ஒன்று. வழியில் குண்டு விழுந்தது. எல்லாரும் இறங்கலாம் என்று உத்தரவு வந்த பிறகும் சந்தியாகு கொதிகலனை விட்டு வரவில்லை. நீராவி இருந்தால்தான் பம்பு ஓடும். பம்பு ஓடினால்தான், ஜனம் படகில் இறங்கி முடிக்கும்வரை கப்பல் தாக்குப்பிடிக்கும். அவர் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

இவ்வளவும் ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு சந்தியாகு என்ன ஆனார் என்பதுதான் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றுதான் செசிலியா அன்று காலைவரை நினைத்திருந்தாள்.

அதே கப்பலில் மேல்தட்டில் வேலை பார்த்தவர் கன்னையா. அதே ஊர்க்காரர், சந்தியாகுவின் கூட்டாளி. சுமத்ராவில் கரையேறி, மீன் படகுகளில் தொற்றிக்கொண்டு எப்படியோ ஊர் வந்து சேர்ந்தவர். வந்த மறுநாள் சந்தியாகுவின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். செசிலியாவின் அம்மா மதலேனம்மாள் கைக்குழந்தையோடு வெளியே வந்தாள்.

“தண்ணியில எறங்கினதுக்கு அப்புறம் நான் அவனப் பாக்கல, தங்கச்சி. வேற போட்டுல ஏறியிருப்பான். ஜாவா பக்கம் போயிருப்பான்” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவர் ஊரில் தங்கவில்லை. சாலாக் செலாத்தான் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார் என்றார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு மதலேனம்மாள் மீதி ஆயுசை ஓட்டினாள்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ‘காணவில்லை’ என்று சொன்னான். “காணோம்னா தேடணும், அழக்கூடாது” என்றாள் மதலேனம்மாள். தாலியைக் கழற்றவில்லை. கறுப்பு உடுத்தவில்லை. இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. கோயிலில்தான் சங்கடம் வந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர்கள் அவரவர் வீட்டில் செத்தவர்களின் பெயரைக் கோயிலில் கொடுப்பார்கள், சாமியார் பூசையில் வாசிப்பார். செத்துப்போன ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் தன் பாவம் கழியக் காத்துக்கொண்டிருக்கும். அது தனக்காகத் தானே எதுவும் கேட்டுக்கொள்ள முடியாது. உயிரோடு இருக்கிற பெண்டாட்டியும் பிள்ளையும்தான் பூசை வைத்துக் கேட்க வேண்டும். மதலேனம்மாள் தன் அப்பன் ஆத்தாள் பெயரைக் கொடுப்பாள், மாமன் மாமி பெயரைக் கொடுப்பாள். புருஷன் பெயரை மட்டும் கொடுக்கமாட்டாள்.

“உயிரோட இருக்கிற மனுஷனுக்குச் செத்தவன் பூச வெக்கிறதா? என் கையாலயே அவர குழியில தள்ளுறதா?”

அதற்குப் பதிலாக, கப்பல் மூழ்கிய மாதம் என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் தனியாக ஒரு பூசைக்குச் சொல்லுவாள். ‘கடல் பயணம் செய்கிறவர்களுக்காக.’ சாமியார்கள் மாறினார்கள். ஒருவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, “பேரைக் குடும்மா, அவர் உயிரோட இருந்தாலும் அந்தப் பூச வீணாப் போகாது, கடவுளுக்குத் தெரியும்” என்று எடுத்துச் சொன்னார். “கடவுளுக்குத் தெரியும்னா அவரே வந்து எங்கிட்ட சொல்லட்டும் சாமி” என்று சொல்லிக் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு யாரும் பேசவில்லை.

செசிலியாவுக்கு ரவாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. தபால் ஆபீசில் வேலை, நல்ல குடும்பம், அவளுக்கும் பிடித்திருந்தது. கோயிலில் மகளைக் கைப்பிடித்துப் பீடம்வரை நடத்திக்கொண்டு போவது அப்பன்தான். “மாமன் கூட்டிட்டுப் போகட்டுமே” என்றார்கள். “அப்பன் இருக்கறப்ப மாமன் எதுக்கு? அவரு வரட்டும்” என்றாள் அம்மா. ரவாங்காரர் ஒரு வருஷம் காத்திருந்தார். அதற்கு மேல் யார் காத்திருப்பார்கள்? அடுத்து வந்த இரண்டு வரனும் அதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. பிறகு வரன் வருவதும் நின்றது.

சாகும்போது மதலேனம்மாள் சொன்னாள்: “என் பேர மட்டும் பூசைக்குக் குடு. அப்பா பேரு வேணாம். யாராச்சும் பாத்தேன்னு வந்து சொல்லட்டும், அப்பக் குடு.”

செசிலியா அந்த வாக்கைக் காப்பாற்றினாள். நவம்பரில் அம்மாவின் பெயர், பிப்ரவரியில் கடல் பயணிகள். அப்பா இந்நேரம் உயிரோடு இருக்க வழியில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? “உங்கப்பா இன்னும் இருந்தா உலகத்துலயே வயசான ஆளுன்னு பேப்பர்ல போட்டிருப்பான்கா” என்று எவலின் சீண்டும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வது வேறு, பார்த்தவன் வாயால் கேட்பது வேறு. பார்த்தவன் என்று ஒருவரும் வரவில்லை. அவளுக்கும் எண்பது தாண்டிவிட்டது. தனக்குப் பிறகு அந்தப் பிப்ரவரிப் பூசையும் நின்றுபோகும், அந்தப் பெயரைச் சொல்ல ஒரு நாக்கு இருக்காது என்று நினைத்த பிறகுதான், பேரைச் சுமக்க ஒரு கல்லாவது இருக்கட்டும் என்று சம்மதித்தாள்.

எவலின் திரும்பி வந்தாள். கூடவே பாத்தேக் சட்டை போட்ட ஒருவர். குகன். இந்த ஊரில் லோரி கம்பெனி வைத்திருப்பவர், நினைவுக்கல் கமிட்டித் தலைவர். கன்னையாவின் பேரன் என்பதால்தான் கல் வைப்பதில் அவருக்கு அத்தனை பிடிவாதம். முதல் தடவை கிளாங்குக்கு வந்து கேட்டில் நின்றபோது, செசிலியா உள்ளே கூப்பிடாமலேயே சொன்னாள்: “சாவுப் பேச்சுன்னா கேட்ட மூடிக்கிட்டுப் போயிடு தம்பி.” அன்றிலிருந்து அவளிடம் பேசும்போது குகன் வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் போடுவார்.

“ஆன்டி, வளையம் போயிடுச்சு. வேன்ல போடச் சொல்லிட்டேன்.”

“டிரைவர் கழுத்துல மாட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்கறான்” என்றாள் எவலின். “நல்லாத்தான் இருக்கு அவனுக்கு.”

செசிலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே காலைத் தரையில் வைத்தாள்.

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். யாரோ மலாயில் பேசினார்கள், யாரோ ஆங்கிலத்தில் பேசினார்கள். பள்ளிக்கூட பேண்டிலிருந்து ஒரு பெண் டிரம்பெட் ஊதினாள். நடுவில் மூச்சு போய், விட்ட இடத்திலிருந்து பிடித்து ஊதி முடித்தாள். பிறகு செசிலியாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் துணியை இழுக்கச் சொன்னார்கள். துணி கல்லின் முனையில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது இழுப்பில் வந்தது.

கறுப்புக் கல். சந்தியாகு என்று பெயர். கப்பலின் பெயர். கீழே, ‘கடைசிவரை கப்பலோடு இருந்தவர்.’ தேதி இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். செசிலியா பெயரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் கிடந்த கல், சூடாக இருந்தது. ‘அம்மா, நான் ஒண்ணும் ஒத்துக்கல. பேரு மட்டுந்தான்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

குகன் மைக்கைப் பிடித்தார். முதலில் தாளைப் பார்த்து வாசித்தார். கூட்டம் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தது. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தமிழில் பேச ஆரம்பித்தார்.

“எங்க தாத்தா கன்னையா சாகறப்ப எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சந்தியாகுவுக்கு ஒரு கல்லு வைடா, அவனுக்குக் குழி இல்லடான்னாரு. கப்பல் சாயறப்ப தாத்தா தண்ணியில கெடந்தாரு. சந்தியாகு தாத்தா அடியிலேருந்து மேல வந்தாரு. நீராவி பட்டு ஒடம்பெல்லாம் வெந்து போயிருந்துச்சாம். உயிர் இல்ல. எங்க தாத்தா ஒரு கையில பலகையப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில அவரு சட்டையப் பிடிச்சுக்கிட்டு, கரையில கொண்டு போயிப் பொதைக்கலாம்னு பொழுது சாயற வரைக்கும் மெதந்தாரு. கை மரத்துப் போச்சு. இருட்டறப்ப விட்டுட்டாரு. நான்தான்டா கைய விட்டேன், நான்தான்டா விட்டேன்னு சாகிற வரைக்கும் சொன்னாரு. அவரு விட்ட கையத்தான் இன்னிக்கு நம்ம ஊரு பிடிச்சிருக்கு.”

ஜனம் கை தட்டியது. அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டினார்கள். எவலின் மட்டும் தட்டவில்லை. அவள் திரும்பிச் செசிலியாவைப் பார்த்தாள். செசிலியாவின் கைகள் தட்டிக்கொண்டிருந்தன. எல்லாரும் நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு தடவை தட்டிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா.”

“ம்.”

“போயிடலாமா?”

“இரு.”

கூடாரத்தின் பின்பக்கம் சாப்பிட மீகூனும் கறிபாப்பும் வைத்திருந்தார்கள். எவலின் ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தாள். செசிலியா அதை நாற்காலியில் வைத்துவிட்டுக் குகனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“நல்லாப் பேசினேனா ஆன்டி? கண்ணு கலங்கிடுச்சு எல்லாருக்கும்.”

“இத உங்க தாத்தா எப்ப சொன்னாரு தம்பி?”

“சின்னப் புள்ளையிலேருந்து கேட்டிருக்கேன். எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். தாத்தா ஒரு ஸ்டௌட் பீர் போத்தல தொறந்தாருன்னா இந்தக் கததான்.”

“எங்க வீட்டுல தெரியாது.”

குகன் சிரித்தார். பிறகு எவலினின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“எங்கம்மா கேட்டப்ப, தண்ணியில எறங்கினதுக்கு அப்புறம் பாக்கலன்னாரு உங்க தாத்தா. வேற போட்டுல ஏறியிருப்பான், ஜாவா பக்கம் போயிருப்பான்னாரு. எங்கம்மா சாகிற வரைக்கும் அந்த போட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.”

“ஆன்டி…” குகன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது மீகூன் தட்டின் மேல். எழுந்து துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நின்றார். “சத்தியமா எனக்குத் தெரியாது. சாவுப் பேச்சு வேணாம்னீங்க. மனசு தாங்காம சொல்றீங்கன்னு நெனச்சேன். தெரியாம இருக்கும்னு நான் எப்படி… கல்லு வைக்கச் சம்மதிச்சீங்களே, அதான் இனி பேசலாம்னு…”

“உன்மேல தப்பு இல்ல தம்பி.”

“கைப்புள்ளையோட நின்ன பொம்பளகிட்ட எப்படிச் சொல்லுவாரு? வெந்துபோன ஒடம்பக் கைய விட்டுட்டு வந்தேன்னு எப்படி… அப்புறமாச் சொல்லிக்கலாம்னு இருந்திருப்பாரு. நாளாக நாளாகச் சொல்ல முடியாமப் போயிருக்கும்.”

“இருக்கும்.”

செசிலியாவின் குரல் சாந்தமாக இருந்ததில் குகனுக்குத் தைரியம் வந்தது. தாத்தாவுக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தவித்தது.

“ஆனா ஒரு நாளும் உங்கப்பாவ மறக்கல ஆன்டி. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மோரிப் கடல்ல எறங்கி எள்ளும் தண்ணியும் விடுவாரு. அவங்கப்பா பேரு, அவரு தாத்தா பேரு, கடைசியா சந்தியாகு. ‘இதென்ன வேதக்காரப் பேரா இருக்கு’ன்னு ஐயரு கேப்பாரு. ‘மந்திரத்த நீ சொல்லு, பேர நான் சொல்றேன்’பாரு. ஒரு வருஷம் விட்டதில்ல. அவருக்கு அப்புறம் எங்கப்பா செஞ்சாரு. இப்ப நான் செய்றேன். போன மாசம் கூட…”

“எள்ளு விட்டாரா?”

“ஆமா ஆன்டி. ஊருக்கு வந்த வருஷத்துலேருந்து.”

“அப்ப அவருக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கு” என்றாள் செசிலியா.

அவள் எழுந்தாள். குகனின் கையைப் பிடித்து, “கல்லு நல்லாருக்கு தம்பி. உங்க தாத்தா கேட்டத செஞ்சுட்ட” என்றாள். அவர் அழுதார். செசிலியா அழவில்லை.

காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். முன்னால் கண்டெய்னர் லோரிகள் வரிசையாக நின்றன. எவலின் பிரேக்கை மிதித்துவிட்டு, “கோவமா வருதாக்கா அந்தக் கன்னையா மேல?” என்றாள்.

“எப்படிக் கோவப்படுறது? நானும் அந்தப் பொய்யச் சொன்னவதான.”

எவலினுக்குப் புரிந்தது. செசிலியா ஓய்வு பெறும்வரை ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவள். உயிர் போய்விட்டால் வார்டிலிருந்து அவளுக்குச் சொல்வார்கள். தோட்டத்து ஆபீசுக்கோ, தெருமுனைக் கடைக்கோ அவள்தான் போன் போட வேண்டும். தமிழ் ஆட்களிடம் யாரும் போனில் செத்துவிட்டார் என்று சொல்லமாட்டார்கள். ‘ரொம்ப சீரியஸ், உடனே பொறப்பட்டு வாங்க’ என்பார்கள். கேட்கிறவருக்கும் பாதி புரிந்துவிடும். பஸ்ஸில் வரும்போதே மனசைத் தயார்செய்துகொண்டு வந்து இறங்குவார்கள். அவளும் அப்படியே ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்ன பொய்க்கு ஒரு பஸ் பயணம்தான் ஆயுசு. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் யாராவது ஒரு நர்ஸ் அதை முடித்துவைப்பாள். கன்னையா சொன்ன பொய்யை முடித்துவைக்க ஒருவரும் வரவில்லை.

“அப்ப ஏன் இப்படிக் கல்லு மாதிரி இருக்கீங்க? அழுதாலாச்சும் நான் திட்டுவேன். கல்யாணம் கட்டாமப் போனதுக்கா?”

“அது போயி எவ்வளவு காலமாச்சு. அதுக்கு அழ எங்கிட்ட இப்ப கண்ணீரு இல்ல.” செசிலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “பூச இல்லடி அவருக்கு.”

“என்னா?”

“செத்து எண்பது வருஷத்துக்கு மேல. ஒரு பூச இல்ல. ஒரு நவம்பர்ல பேரு வாசிக்கல. அவரு அங்க காத்துக்கிட்டுக் கெடக்கறாரு, நாங்க இங்க அவரு பிரயாணம் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்திருக்கோம்.”

எவலின் மெத்தடிஸ்ட். ரயில்வே குடும்பத்தில் பிறந்து, சபையில் பாடகர் குழுவில் இருப்பவள். “எங்க சபையில செத்தவங்களுக்கு ஜெபமே கெடையாதுக்கா. கண்ண மூடின அன்னிக்கே கர்த்தர் கையில போயிடறாங்க. எங்கப்பாவுக்கு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அவரு என்னா நடுத்தெருவிலயா நிக்கறாரு?”

“உங்கப்பாவ அப்படிச் சொல்லி வளத்தாங்க, அவரு யாரையும் எதிர்பாக்கமாட்டாரு. எங்கப்பா எதிர்பாத்திருப்பாரு. பெண்டாட்டி கேப்பா, புள்ள கேக்கும்னு.”

“அத்தனை புள்ளைங்களக் காப்பாத்தின மனுஷனப் போயிக் கடவுள் காக்க வெப்பாரா? போங்கக்கா.”

“தெரியல.”

“சரி, அந்தக் கன்னையா குடும்பம் எள்ளும் தண்ணியும் விட்டுச்சே, அது?”

“அது அவரு கடன். கைய விட்ட கடன். அத அவரு வருஷா வருஷம் தீத்துக்கிட்டாரு. எங்க கடன் அப்படியே கெடக்கு.”

முன்னால் நின்ற லோரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். எவலின் கண்ணாடியில் பார்த்து, “போறேன் லா, பறக்கச் சொல்றியா” என்று அவனை ஏசிவிட்டு வண்டியை நகர்த்தினாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு செசிலியா மறுபடியும் பேசினாள். எவலினிடம் பேசுகிற மாதிரி இல்லை.

“அம்மா போயி அவரப் பாத்திருப்பாங்க. போன ஒடனே பாத்திருப்பாங்க. ‘ஏன் மதலேனா, ஒரு பூச கூடவா இல்ல எனக்கு’ன்னு கேட்டிருப்பாரு. அம்மா என்னா சொல்லியிருப்பாங்க? எத்தன வருஷமா இது எதுவும் தெரியாம நான் இங்க உக்காந்து…”

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எவலின் வண்டியை ஓரங்கட்டவில்லை, திட்டவும் இல்லை. ஏர்கானைக் குறைத்துவிட்டு, கிளாங் பாலம் வரும்வரை மெதுவாக ஓட்டினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. செசிலியா எவலினை எழுப்பவில்லை. கிராப் வாடகைக் கார் வரவழைத்துக் காலைப் பூசைக்குப் போனாள். பூசை முடிந்ததும் சாமியார் உடை மாற்றுகிற அறைக்குப் போய் நின்றாள். புதிதாக வந்த இளவயசுச் சாமியார். இறந்தவருக்குப் பூசை சொல்ல வேண்டும் என்றாள். யாருக்கு என்று கேட்டார். அப்பாவுக்கு என்றாள். எப்போது இறந்தார் என்று கேட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, பிப்ரவரி என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலைப் பூசை காலியாக இருக்கிறது என்றார். சரி என்றாள். கல்லறைத் திருநாளுக்கும் பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார். சேர்க்கச் சொன்னாள். ஏட்டைப் புரட்டிப் பார்த்து, வருகிற பிப்ரவரியில் கடல் பயணிகளுக்காக அவள் பெயரில் ஒரு பூசை இருக்கிறதே, அது இருக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள். உப்பு கூடிவிட்டது. மத்தியானம் மழை பெய்தது. கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். தூக்கம் வரவில்லை. எழுந்து காயப்போட்ட துணிகளை உள்ளே எடுத்து வைத்தாள்.